மணி என்ன என்று கேட்பார் யார்?

தோழரே!

காலை எட்டு மணியளவில் தாம்பரத்தில் மின்சார இரயில் ஏறிப் பாருங்கள். நிற்க இடமிராது. தோளோடு தோள் உரசும். முன்பின் அறியாதவரின் முழங்கை நம் விலாவில் பதியும். அவர் மூச்சு நம் கழுத்தில் படும். உற்றார் உறவினரோடுகூட இவ்வளவு நெருக்கத்தில் நாம் நின்றதில்லை! சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று நிலையத்துக்கு நிலையம் நெரிசல் ஏறுகிறது; கிண்டியில் சற்றே மூச்சு விடுகிறது; மாம்பலத்தில் மறுபடி முட்டுகிறது. கடற்கரை வரை ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அத்தனை பேருக்கும் நடுவே எழும் மனிதக் குரல்கள் எத்தனை? "கொஞ்சம் வழி விடுங்க" என்பது ஒன்று. "இறங்கப் போறீங்களா?" என்பது மற்றொன்று. வேறு பேச்சு? இல்லை! குனிந்த தலைகள்; காதில் செருகிய குமிழ்கள்; கட்டைவிரல் தள்ளத் தள்ள மேலே ஓடும் படங்கள். ஒருவர் கையில் கிரிக்கெட், அடுத்தவர் கையில் திரைப்படக் காட்சி, அதற்கடுத்தவர் கையில் யாரோ ஒருவர் யாரையோ ஏசிக்கொண்டிருக்கும் அரசியல் உரை.

ஞாயிற்றுக்கிழமை அரசியல் கட்டுரைக்கென்று ஒதுக்கிய இடத்தில் இரயில் பெட்டியின் அரட்டையைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த அரட்டை நின்றுபோனதால் இழந்தவர் பட்டியலில் முதற்பெயர் நம்முடையது என்பதால்தான் எழுதுகிறேன்.

இந்தப் பாதையில் மின்சார இரயில் ஓடத் தொடங்கியது 1931இல். பம்பாயில் 1925இல் இந்தியாவின் முதல் மின்சார இரயில் ஓடிய ஆறாண்டுகளுக்குப் பின், நம் பக்கம் மீட்டர் கேஜ் பாதையில் அந்த வண்டி வந்தது. அதைச் சுற்றித்தான் தென்சென்னைப் புறநகரம் முளைத்தது. காசநோயாளிகளுக்கென்று 1928இல் எழுந்த மருத்துவ நிலையம், சானடோரியம் என்று ஓர் இரயில் நிலையத்துக்கே பெயராயிற்று. குரோம் தோல் ஆலை ஓர் ஊருக்கே பெயராயிற்று. 1937இல் கிறித்துவக் கல்லூரி நகரின் நடுவிலிருந்து தாம்பரத்துக் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. கல்லூரி மாணவரும், நோயாளியைக் காணச் செல்லும் மனைவியும், தோல் ஆலைத் தொழிலாளியும், கோட்டைக்குப் போகும் எழுத்தரும் ஒரே பெட்டியில் முழங்காலுக்கு முழங்கால் இடிக்க உட்கார்ந்து வந்தனர். 2004இல் அந்த மீட்டர் கேஜ் வண்டி விடைபெற்றது. அகலப் பாதை வந்தது. 2025 ஏப்ரலில் குளிரூட்டப்பட்ட வண்டியும் வந்துவிட்டது.

ஜார்ஜ் சிம்மல் என்றொரு ஜெர்மானியச் சமூக அறிஞர் இருந்தார். இரயிலும் டிராம் வண்டியும் தோன்றுமுன், மனிதர்கள் நெடுநேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி ஒரு சொல்லும் பேசாமல் உட்கார்ந்திருக்க நேர்ந்ததே இல்லை என்று 1908இல் அவர் எழுதினார். பெர்லின் நகருக்கு அது பொருந்தியிருக்கலாம். நம்மவரிடம் பொருந்தியதா? எதிரே இருப்பவரிடம் "எதுவரைக்கும்?" என்று கேளாமல் தமிழன் இரண்டு நிலையம் தாண்டியதுண்டா? சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால் "சாப்பிடுறீங்களா?" என்று கேளாமல் ஒரு கவளம் வாயில் வைத்ததுண்டா? மேனாட்டு இரயில் கொண்டுவந்த மௌனத்தை, இரயிலை ஏற்றுக்கொண்டபடியே, ஏற்க மறுத்த மக்கள் நாம். அந்த மௌனம் இன்று வந்திருக்கிறது. இரயில் கொண்டுவரவில்லை, கையளவு கண்ணாடிப் பலகை கொண்டுவந்தது.

எப்படிக் கொண்டுவந்தது? பேசாதே என்று அது யார் வாயையும் அடைக்கவில்லை. பேச்சு நுழையும் சின்னஞ்சிறு வாயில்களை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டது, அவ்வளவே! முன்பின் அறியாதவரிடம் யாரும் நேரே "நாட்டு நிலை எப்படி?" என்று தொடங்குவதில்லை. "மணி என்ன சார்?" என்றுதான் தொடங்குவர். மணி சொன்னவர், "வண்டி பத்து நிமிடம் தாமதம்" என்பார். "என்றைக்கு நேரத்துக்கு வந்தது?" என்பார் மற்றவர். அங்கிருந்து இரயில்வே நிர்வாகம், அங்கிருந்து டில்லி, அங்கிருந்து விலைவாசி என்று எழும்பூர் வருமுன் ஒரு பொதுக்கூட்டமே நடந்து முடிந்துவிடும். இன்று மணி கேட்பார் யார்? மணி எல்லார் கையிலும் இருக்கிறது. வண்டி எங்கே வருகிறது என்பதையும் அதுவே காட்டுகிறது.

அடுத்து, வழி. "ஐயா, பம்மலுக்கு எந்தப் பக்கம்?" என்று தேநீர்க் கடை வாயிலில் நின்று கேட்ட காலம் உண்டு. கேட்டவருக்கு வழி சொல்லக் கடையிலிருந்த நால்வரும் கிளம்புவர். நால்வரும் நான்கு வழி சொல்வர். வழக்கு முடியுமுன் வந்தவருக்கு ஒரு தேநீரும் கிடைத்துவிடும். இன்று வரைபடம் பேசுகிறது, "இருநூறு மீட்டரில் இடப்பக்கம் திரும்பவும்" என்று.

அடுத்து, பயணச் சீட்டு. இதில் நம் ஊருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. முன்பதிவில்லாப் பயணத்துக்குத் தாளில்லாமல் கைப்பேசியிலேயே சீட்டு எடுக்கும் முறையை இரயில்வே சோதனையாகத் தொடங்கியது, எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் இடையிலான இந்தப் பாதையில்தான், 2015 ஏப்ரலில். வரிசை குறைந்தது, நேரம் மிஞ்சியது, நல்லதே. ஆனால் அந்த வரிசை வெறும் வரிசையாகவா இருந்தது? முன்னால் நிற்பவரிடம் இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். பெயர் தெரியாதவரை நம்பப் பழகிய பள்ளிக்கூடம் அது.

அடுத்து, சில்லறை. பேருந்து நடத்துநர் இரண்டு பயணிகளுக்குச் சேர்த்து ஒரே நோட்டை நீட்டி, "ரெண்டு பேரும் இறங்கிப் பிரிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு முன்னே போய்விடுவார். எங்கோ பிறந்த இருவரை ஒரு பத்து ரூபாய் நோட்டு பிணைத்துவிடும்! ஒரே நிறுத்தத்தில் இறங்கி, பெட்டிக்கடையில் வெற்றிலையோ வாழைப்பழமோ வாங்கிச் சில்லறை மாற்றி, பங்கு பிரித்துக்கொள்வதற்குள், யார் எவர், பிள்ளைகள் எத்தனை என்பதெல்லாம் வெளிவந்துவிடும். 2016இல் யூபிஐ வந்தது. அவ்வாண்டு நவம்பர் 8இல் பெரிய நோட்டுகள் செல்லாதென்ற அறிவிப்பும் வந்தது. இன்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய இரும்பு விற்பவரும் கட்டம் போட்ட அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார். பணம் வந்து சேர்ந்ததைச் சின்னஞ்சிறு பெட்டி கூவி அறிவிக்கிறது. கடைக்காரர் நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

கடைசியாக, செய்தித்தாள். ஒருவர் வாங்கிய ஏடு பெட்டி முழுவதும் உலவிய காட்சியை முப்பது வயதுக்கு மேற்பட்டோர் மறந்திருக்க மாட்டீர்கள். நடுப்பக்கம் ஒருவரிடம், விளையாட்டுப் பக்கம் மற்றொருவரிடம், தலைப்புச் செய்தி வாங்கியவரிடம், அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கும் கண்கள் நான்கு. படித்தவர் "அநியாயம்!" என்பார். எதை அநியாயம் என்றார் என்று எட்டிப் பார்த்தவர் கேட்பார். ஒரே செய்தியை ஒரே நேரத்தில் படித்த ஐவர் ஐந்து கருத்துச் சொன்னார்கள். இன்று ஐவரும் ஐந்து செய்தி படிக்கிறார்கள். ஒருவருக்குக் காட்டியதை அடுத்தவருக்கு அந்தப் பலகை காட்டுவதில்லை. அவரவர் முன்பு விரும்பியதைக் கணக்கிட்டு, அதையே மேலும் மேலும் ஊட்டுகிறது. ஒரே இருக்கையில் இருவர். அவர்கள் கண்ணுக்குத் தெரியும் நாடு இரண்டு!

இந்த மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. இந்தியாவில் கைப்பேசியில் முதற்பேச்சு நிகழ்ந்தது 1995 ஜூலை 31இல். கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு டில்லியிலிருந்த மத்திய அமைச்சரோடு பேசினார். பின்னர் கைப்பேசி எளியவர் கைக்கு வந்தபோது, பெட்டியில் சத்தம் கூடியதேயன்றிக் குறையவில்லை. "ஹலோ! நான் கோடம்பாக்கம் தாண்டிட்டேன்!" என்று நுங்கம்பாக்கத்துக்கே கேட்கும்படி கத்தினார்கள். அவர் மாமியார் நோயும் மைத்துனன் கடனும் பெட்டிக்கே தெரிந்தது, இறங்கும்போது "மாமியாருக்கு இப்ப எப்படி?" என்று பக்கத்திலிருப்பவர் விசாரித்ததும் உண்டு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிவான பிறகுதான் வாய் மூடி, விரல் ஓடத் தொடங்கியது.

இத்தனையும் சொன்னதால், பழைய நாள் பொற்காலம் என்று ஒப்பாரி வைக்கிறேன் என்று எண்ணிவிடாதீர்கள்! பழைய நாளைப் புகழ்ந்து பாடுவோர் கூட்டத்தில் நாம் என்றும் இருந்ததில்லை. அந்த அரட்டையின் மறுபக்கத்தையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

"தம்பிக்கு எந்த ஊர்?" — அன்பான கேள்வி. "ஊரில் எந்தப் பக்கம்?" — இது அன்பான கேள்வி அன்று. "எந்தத் தெரு? யார் வீட்டுப் பிள்ளை?" — இது கேள்வியே அன்று, துருவி அளக்கும் கோல்! விடை கேட்டதும் எதிரே இருந்தவர் முகம் சுருங்கியதை, நீட்டிய தண்ணீர்ச் செம்பு பின்வாங்கியதை அனுபவித்தவர் எத்தனை ஆயிரம்! இரயில் எல்லாரையும் ஒரே பலகையில் உட்கார வைத்தது. ஆனால் நிலையத்து உணவு விடுதியில் பார்ப்பனருக்குத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம், கிளர்ச்சிக்குப் பிறகு 1941இல்தான் ஒழிந்தது. இரும்புத் தண்டவாளம் ஒன்றாக்கியதை இட்லித் தட்டு பிரித்துவைத்தது! அந்த நாள் பேச்சில் யார் கேட்பவர், யார் பதில் சொல்லியாக வேண்டியவர் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தது. "எந்தத் தெரு?" என்று கேட்க வாய்ப்பளிக்காமல் காதில் குமிழைச் செருகிக்கொள்ளும் இளைஞனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

பெண்கள் நிலை என்ன? தனியே வரும் பெண்ணிடம் பேச்சுக் கொடுப்பவன் எல்லாம் நல்லெண்ணத்தோடா கொடுத்தான்? "எங்கே வேலை? எத்தனை மணிக்கு முடியும்? தினமும் இதே வண்டியா?" என்று தொடர்ந்தவர்களை நம் தங்கையர் அறிவர். மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் பணி முடித்து இரவில் இரயிலேறும் பெண்ணுக்குக் கைப்பேசி வேடிக்கைப் பொருளன்று, கேடயம். பேசுவதற்கு ஆளே இல்லாதபோதும் பேசுவதுபோல் காதில் வைத்துக்கொள்வாளே, அந்தக் காட்சி நம் நாகரிகத்தின்மீது விழுந்த கறை. கருவியின்மீது விழுந்த கறையன்று. ஆடவர் கூட்டம் விலகிய இடத்தில் பேச்சு தழைப்பதையும் காணலாம். மகளிர் பெட்டிக்குள் எட்டிப் பாருங்கள். பூக்கட்டும் கை நிற்பதில்லை, வாயும் நிற்பதில்லை! 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை என்றானபின், முடிச்சூரிலிருந்தும் சேலையூரிலிருந்தும் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் ஏறும் வண்டிகளில் முன்பக்கம் காலை நேரத்தில் ஒரு மன்றமாகவே விளங்குகிறது. எந்த வீட்டில் என்ன சம்பளம், எங்கே தீபாவளிப் பணம் கொடுத்தார்கள், எங்கே கொடுக்கவில்லை என்ற செய்தியெல்லாம் அங்கேதான் பரிமாறப்படுகிறது. சங்கம் என்ற பெயர்ப்பலகை இல்லாத சங்கம் அது!

ஆகவே, கைப்பேசி பேச்சைக் கொன்றது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. அஸ்ஸாமிலிருந்து தாம்பரத்துக்கு நேராக வந்திறங்கும் தொழிலாளி, மேடவாக்கத்துக் கட்டடத்தில் கம்பி கட்டுகிறான், மருந்துக் கடையில் தன் மொழியில் கைப்பேசியிடம் சொல்ல, அது தமிழில் எழுதிக் காட்டுகிறது, கடைக்காரர் "காய்ச்சல் எத்தனை நாளா?" என்று கேட்க, அது அவன் மொழியில் சொல்கிறது. இது பேச்சன்றி வேறென்ன? இந்தக் கருவி இன்றேல் அந்த இருவரும் கைச்சாடை காட்டிக் களைத்திருப்பர்.

ஆனால், அதே கருவி என்ன செய்தது என்பதையும் கேளுங்கள்.

2018 மே 9. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் புறப்பட்டது. திருவண்ணாமலை மாவட்டம், போளூர் வட்டாரத்தில் அத்திமூர் என்ற ஊரருகே வழி கேட்க வண்டியை நிறுத்தினார்கள். அங்கே விளையாடிக்கொண்டிருந்த சிறுவருக்குச் சாக்லேட் கொடுத்தார்கள். வழி கேட்பதும் குழந்தை கையில் தின்பண்டம் கொடுப்பதும் தமிழ்நாட்டில் குற்றமா, தோழரே? நம் பாட்டிமார் ஆயிரம் முறை செய்ததுதானே! ஆனால், பிள்ளை பிடிப்போர் வந்திருக்கிறார்கள் என்று அதற்கு முன்பே அந்தச் சுற்றுவட்டாரக் கைப்பேசிகளில் வாட்ஸ்அப் வதந்தி பரவியிருந்தது. கூட்டம் கூடியது. துரத்தியது. அடித்தது. அறுபத்தைந்து வயது மூதாட்டி அடிபட்டே இறந்தார்; உடன் சென்றோர் படுகாயமுற்றனர்.

அவ்வளவு பேர் கூடினார்களே, "நீங்கள் யார், எந்தக் கோயில், எந்த ஊர்?" என்று நிதானமாகக் கேட்டு, விடைக்குக் காத்து நிற்க ஒருவர் இல்லையே! கண்முன் நிற்கும் மனிதரின் சொல்லைவிட, முகமறியாத எவரோ அனுப்பிய ஒலித்துண்டு பெரிதாயிற்று. அவ்வாண்டு இந்தியாவின் பல மாநிலங்களில் இப்படிப்பட்ட கொலைகள் நடந்தன. ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை இந்தியாவில் ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்பவியலாதபடி வரம்பு கட்டியது. ஐந்து போதாதா, ஊரைக் கொளுத்த?

2023 மார்ச்சில் மற்றொன்று நடந்தது. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளரைத் தாக்குகிறார்கள், கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் பரவின. எங்கோ எப்போதோ நடந்தவற்றை எடுத்துத் தமிழ்நாட்டுப் பெயர் ஒட்டியிருந்தார்கள். காவல்துறை மறுத்தது, வழக்குகள் பதிந்தது, பீகார் அரசின் குழு ஒன்று நேரில் வந்து தொழிலாளரைக் கண்டு, அச்சத்துக்கு இடமில்லை என்று அறிந்து சென்றது. இதற்கிடையே அஞ்சி ஊர் திரும்பியோர் உண்டு. எண்ணிப் பாருங்கள்! ஒரே கட்டடத்தில் நம்மவர் சாந்து குழைக்கிறார், அவன் கல் அடுக்குகிறான். பக்கத்தில் நிற்கும் தமிழனிடம் "அண்ணா, இது மெய்யா?" என்று அவன் கேட்கவில்லை. "தம்பி, ஏன் முகம் வாடியிருக்கிறது?" என்று இவரும் கேட்கவில்லை. பாட்னாவிலிருந்து வந்த படம் இருவருக்கும் நடுவே சுவராக எழுந்தது.

பேசும் பழக்கமே நம் மக்களிடம் வற்றிவிட்டதா என்றால், இல்லை. 2015 டிசம்பர் முதல் நாளும் இரண்டாம் நாளும் நினைவிருக்கிறதா? தாம்பரத்தில் இருபத்துநான்கு மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் மழை! அடையாறு கரை மீறியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மிதந்தன. மீனம்பாக்கம் விமான நிலையம் மூடப்பட்டது. மின்சாரம் போயிற்று, கோபுரங்கள் ஓய்ந்தன, கைப்பேசிகள் செத்த மீன்களாய்க் கிடந்தன. அப்போது என்ன நடந்தது? பத்தாண்டு ஒரே அடுக்ககத்தில் வாழ்ந்தும் பெயர் அறியாதவர்கள் மொட்டை மாடியில் கூடினர். கீழ்த்தளத்துக் கிழவரை மேல்தளத்தார் தூக்கிக்கொண்டு போயினர். படகில் வந்தவன் யார், என்ன சாதி என்று எவரும் கேட்கவில்லை. வெளியூரில் இருந்தவர்கள் முகநூலிலும் டுவிட்டரிலும் விலாசங்களைத் திரட்டி உதவியை அனுப்பினர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த உதவியை வாங்கிக் கொடுக்க வீடு வீடாக நீந்திப் போனது, பக்கத்து வீட்டுக்காரன். நீர் வடிந்தது. கைப்பேசிக்கு உயிர் வந்தது. மொட்டை மாடி காலியாயிற்று!

சிகாகோ நகரில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். நிக்கலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இருவர். முடிவு 2014இல் வெளியாயிற்று. நாள்தோறும் இரயிலில் செல்வோரில் சிலரைப் பக்கத்திலிருப்பவரிடம் பேசச் சொன்னார்கள்; வேறு சிலரைத் தனியே மௌனமாக இருக்கச் சொன்னார்கள். பேசியவர்களே பயணம் இனிதாயிருந்தது என்றனர். வேறொரு கூட்டத்தாரிடம் எது இனிதாயிருக்குமென்று முன்கூட்டிக் கேட்டபோது, தனியே இருப்பதே இனிது என்று தலைகீழாகச் சொன்னார்கள். தனக்குப் பேச ஆசை, ஆனால் அடுத்தவருக்கு ஆசையிராது என்று ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்கிறார்கள். நம் மின்சார இரயிலிலும் அப்படி ஊமையாய் இருப்போர் எத்தனை பேரோ!

சரி, இதில் நமக்கென்ன? இனித்தான் நம் வீட்டுக்கு வருகிறேன்.

தமிழ்நாட்டில் எந்த வண்ணக் கொடி பிடித்த இயக்கமும் மாளிகையில் வளர்ந்ததில்லை. முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் படிப்பகத்துத் திண்ணையிலும் வளர்ந்தது. எழுத்தறியாதவர் பலர் இருந்த நாளில் ஒருவர் ஏட்டை உரக்கப் படிப்பார். பத்துப் பேர் கேட்பர். அந்தப் பத்தில் ஆறு பேர் நம் கருத்துக்கு மாறானவர்! அவர்கள் குறுக்கிட்டனர், கேலி செய்தனர், மடக்கினர். மடக்கப்பட்ட தொண்டர் இரவெல்லாம் படித்துவிட்டு மறுநாள் விடையோடு வந்தார். நம் பேச்சாளர்கள் கூர்மை பெற்றது மேடையிலே அன்று, அந்த மடக்குதலிலே! இரயில் பெட்டி அத்தகைய உலைக்களங்களில் ஒன்று. எதிரே இருப்பவர் யாரென்று தெரியாது. என்ன கட்சி என்று தெரியாது. குரலை உயர்த்தினால் அடுத்த நிலையத்தில் எழுந்து வேறிடம் போய்விடுவார். பணிவும் வேண்டும், செய்தியும் வேண்டும், சிரிப்பும் வேண்டும். மாம்பலம் வருவதற்குள் அவரை முழுதும் மாற்றிவிட முடியாது. ஆனால் இறங்கும்போது "நீங்க சொன்னதுல ஒண்ணு யோசிக்க வேண்டியதுதான்" என்பார். அந்த ஒன்றுதான் நம் அறுவடை.

இன்று நம் தோழர் எப்படிப் பணியாற்றுகிறார்? மாவட்டக் குழு, ஒன்றியக் குழு, வட்டக் குழு, வாக்குச்சாவடிக் குழு, இளைஞர் குழு, அந்தக் குழுவில் கோபித்துக்கொண்டு பிரிந்தவர்கள் தொடங்கிய குழு — கைப்பேசியில் பன்னிரண்டு குழுக்கள்! காலையில் கண் விழித்ததும் தலைவர் உரையைப் பன்னிரண்டுக்கும் அனுப்புகிறார். வணக்கப் படம், வாழ்த்துப் படம், எதிர்க்கட்சிக்காரரைக் கழுதையாக வரைந்த படம். யாருக்குப் போகின்றன? நம்மவருக்கே! நம்மவர் எழுதி, நம்மவர் பாராட்டி, நம்மவரே மறுபடி நமக்கு அனுப்பி, மாலையில் "இன்று நல்ல பணி நடந்தது" என்று மனநிறைவோடு உறங்குகிறார். தண்ணீர் பாய்ந்த வயலுக்கே மீண்டும் மீண்டும் தண்ணீர். மேட்டு நிலம் காய்கிறது. மாற்றுக் கருத்துடையவர் யாரேனும் குழுவில் தப்பித் தவறி வாய் திறந்தால், அரை நிமிடத்தில் அவரை நீக்கிவிட்டு அதையும் வெற்றி என்று கொண்டாடுகிறார்கள்!

அதே தோழர் அன்று காலை தாம்பரத்திலிருந்து கிண்டி வரை நின்றுகொண்டே சென்றார். அவரைச் சுற்றி நாற்பது பேர் இருந்தனர். அந்த நாற்பதில் யாருக்கு வாடகை ஏறிற்று, யார் மகனுக்கு வேலை போயிற்று, யார் ஊரில் ஏரிக்கரையை வளைத்துக் கட்டினார்கள், யார் போன தேர்தலில் நம்மைக் கைவிட்டார், ஏன் கைவிட்டார் என்று அவர் அறியார். அவர் குனிந்து ஒன்றியக் குழுவுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தார். போளூரில் பரவிய பொய்க்கும், கட்டடத் தொழிலாளியை விரட்டிய பொய்க்கும் முதல் அணை எது? காவல்துறை மறுப்பறிக்கை அன்று. அது எப்போதும் ஒரு நாள் பிந்தித்தான் வரும். ஊரார் நம்பும் ஒருவர், கூட்டத்தின் நடுவே நின்று "பொறுங்கள், கேட்போம்" என்று சொல்வதுதான் அணை. அப்படி ஒருவர் ஆவதற்கு ஊராரோடு முன்பே பேசிப் பழகியிருக்க வேண்டும். குழுவில் படம் அனுப்பிப் பழகியவரைக் கூட்டம் திரும்பியும் பாராது.

பழைய வாயில்கள் திரும்பத் திறவா. "மணி என்ன?" என்று கேட்டால் இன்று பைத்தியக்காரன் என்பார்கள். ஆனால் எந்தக் கருவியும் வரும்போது பழைய கேள்வி ஒன்றை ஒழித்துவிட்டுப் புதிய கேள்வி ஒன்றைப் பிறப்பிக்கிறது. அதை நம்மவர் கவனிக்கவில்லை. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறந்தபோது, எந்த வண்டி எங்கே நிற்கும், பெருங்களத்தூரில் ஏற்றுவார்களா மாட்டார்களா என்று வரைபடத்துக்கே தெரியவில்லை. தாம்பரம் நிறுத்தத்தில் நின்றவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். கைப்பேசியை மடியில் செருகிவிட்டு, மூட்டையும் பிள்ளையுமாக, பல நாள் நடந்தது அந்தப் பேச்சு. எந்தக் கட்சிக்காரரும் அங்கே போய் நின்று கேட்டதாகக் காணோம்.

இன்னொரு வாயில் தாம்பரம் நிலையத்திலேயே தினமும் திறந்து கிடக்கிறது. சீட்டுச் சன்னலில் வரிசை நீளம். பக்கத்தில் தானியங்கிப் பொறி நிற்கிறது. தொட்டால் ஊர்ப்பெயர் வரும், அட்டை வைத்தால் சீட்டு வரும். உதவிக்கு ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர் இருந்தால் சரி. அவர் இல்லாத வேளையில் அதன்முன் யாரேனும் ஒரு மூதாட்டி நிற்பார். கையில் கசங்கிய பத்து ரூபாய். செயலி அவருக்குத் தெரியாது. அட்டை அவரிடம் இல்லை. திரையில் ஓடும் எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. போகிற வருகிறவரை எல்லாம் பார்க்கிறார். குனிந்த தலைகள் கடக்கின்றன. யாரேனும் ஒருவர் நின்றால் கேட்பார்: "தம்பி, குரோம்பேட்டைக்கு ஒண்ணு எடுத்துக் குடுப்பா."

எடுத்துக் கொடுங்கள், தோழரே. கொடுத்துவிட்டுக் கைப்பேசியைப் பையில் போடுங்கள். "குரோம்பேட்டையில் எங்கேம்மா?" என்று கேளுங்கள். பெரியாஸ்பத்திரிக்கு என்பார். யாருக்கு உடம்பு, மாத்திரை அங்கேயே கிடைக்கிறதா, வெளியே வாங்கச் சொல்கிறார்களா, முதியோர் பணம் இம்மாதம் வந்ததா, யாரிடம் மனு கொடுத்தார், அவர் என்ன சொன்னார் — வண்டி வரப் பத்து நிமிடம் இருக்கிறது, அவர் சொல்லுவார்.